தங்கையா எண்ணாமல் விட்ட முப்பத்தேழு வீடுகள்

தங்கையா ஓர் இடத்தில் நிலையாக உட்கார்ந்து திக்லிபூரில் யாரும் பார்த்ததில்லை. சோறு போட்டால் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் வேலிக்கும் நடந்தபடியே தின்பார். "சாப்பாடு வயித்துக்குப் போகுதா, காலுக்குப் போகுதா?" என்று புஷ்பம் கேட்பாள். அந்த நடைக்குக் காரணம் அவளுக்கும் தெரியும். காலடியில் கிடந்த மண் அவர்கள் பெயரில் இல்லை.

தங்கையா தூத்துக்குடிக்குத் தெற்கே ஆத்தூர்ப் பக்கத்து ஆள். ஐம்பத்திரண்டாம் வருஷம் தாய்மாமன் ராஜமாணிக்கத்தோடு மரம் வெட்டுகிற கூலியாகப் போர்ட் பிளேருக்குக் கப்பலேறி வந்தார். ஒப்பந்தம் முடிந்ததும் மாமன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெயின்லேண்டுக்குத் திரும்பிவிட்டார். மருமகன் திரும்பவில்லை. போர்ட் பிளேரை ஒட்டிய புரோத்ராபூரில் ஒரு வீட்டுக்கு விறகு கொண்டுபோய்ப் போட்டதில் அந்த வீட்டு இளைய மகளைப் பார்த்துவிட்டார். அவள்தான் புஷ்பம். அவளுடைய பாட்டனாருக்கு அப்பா ஜெயில் காலத்தில் கைதியாக வந்தவர். அதற்குப் பிறகு இங்கேயே பிறந்து வளர்ந்த மூன்று தலைமுறை. அவள் அக்காள் சரசு அங்கேயே டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அந்தக் குடும்பத்தில் தமிழைவிட இந்திதான் வாயில் முதலில் வரும். கல்யாணமான புதிதில் புஷ்பம் திட்டினால் தங்கையாவுக்குப் பாதிதான் புரியும். அதனால்தான் இரண்டு பேரும் ஒற்றுமையாக இருந்தார்கள் என்று சரசு சொல்வாள்.

ஐம்பத்தெட்டில் இருவரும் வடக்கே திக்லிபூருக்கு வந்தார்கள். இரண்டு வருஷத்தில் தங்கையாவுக்கு நிலம் அளக்கிற ஆபீசில் செயின்மேன் வேலை கிடைத்தது. தினக்கூலி மஸ்தூர்தான், ஆனாலும் சர்க்கார் வேலை. இரும்புச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வயலிலும் சேற்றிலும் நடக்க வேண்டும். மறுமுனையில் பட்வாரி நிற்பார். கிராமத்து நில விவரமெல்லாம் எழுதி வைக்கிற ஆளுக்கு அங்கே பட்வாரி என்று பெயர்.

சர்க்கார் கூட்டி வந்து குடியேற்றிய குடும்பங்களுக்குப் பள்ளத்தில் ஐந்து ஏக்கர், மேட்டில் ஐந்து ஏக்கர் என்று பத்திரத்தோடு கொடுத்தார்கள். கூலிக்கு வந்து தங்கிவிட்ட தங்கையா போன்றவர்களுக்கு ஒன்றும் கிடையாது. அவர்கள் கல்போங் ஆற்றில் போய் விழுகிற ஒரு நாலாவின் கரையில் புதரை வெட்டி, வேரைப் பிடுங்கி, குடிசை போட்டுக்கொண்டார்கள். நாலா என்றால் ஓடை. அந்தக் கரையில் நாற்பத்தொரு வீடு. தமிழ், மலையாளம், தெலுங்கு, ராஞ்சியிலிருந்து வந்த காட்டு வேலைக்காரர்கள் என்று எல்லாச் சனமும் உண்டு. அதில் பதினேழாவது வீடு தங்கையாவுடையது. ஒன்றரை ஏக்கர் நெல். பின்னால் சரிவில் இருநூறு பாக்குக் கன்று, புஷ்பத்தின் அப்பா புரோத்ராபூரிலிருந்து கப்பலில் அனுப்பிய நாற்று. அறுபத்தொன்பதில் அவற்றில் பாளை வெடிக்கத் தொடங்கியிருந்தது.

ஊரார் நிலத்தையெல்லாம் அளந்த மனிதருக்குத் தன் நிலத்தில் சங்கிலி போட முடியவில்லை. மேலதிகாரி யாராவது நாலாப் பக்கம் வந்தால் தங்கையா முன்னால் ஓடிப்போய்த் தன் வேலியை முதுகால் மறைத்துக்கொண்டு நிற்பார். ஒன்றரை ஏக்கரை ஒரு முதுகு எப்படி மறைக்கும் என்பதை அவர் யோசித்ததில்லை.

அறுபத்தொன்பது ஐப்பசியில் போர்ட் பிளேரிலிருந்து ஒயர்லெஸ் செய்தி வந்தது. தீவுகளின் எம்.பி. தில்லியில் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்திருந்தார். அவையில் எழுந்து நின்று கேட்கிற கேள்வி ஒரு வகை. எழுத்தில் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குகிற கேள்வி இன்னொரு வகை. இது இரண்டாவது வகை. எதுவானாலும் குறித்த தேதிக்குள் சர்க்கார் பதில் சொல்லியாக வேண்டும். தில்லி ஆபீஸ் போர்ட் பிளேரைக் கேட்டது. போர்ட் பிளேர் திக்லிபூரைக் கேட்டது. தில்லியில் நாலு பிரிவாக இருந்த கேள்வி, பட்வாரி மண்டல் பாபுவின் மேசைக்கு வரும்போது முதல் இரண்டு பிரிவாகக் குறைந்திருந்தது. மற்ற இரண்டும் மேலிடம் யோசித்துச் சொல்ல வேண்டிய விஷயம். கீழே இருப்பவர்களுக்கு அது எதற்கு என்று யாரோ விட்டுவிட்டார்கள். வந்த தாளில் இவ்வளவுதான் இருந்தது: திக்லிபூரில் சர்க்கார் நிலத்தில் பத்திரமில்லாமல் இருக்கும் குடும்பங்கள் எத்தனை, எந்த வருஷத்திலிருந்து? அவர்கள் பிடித்திருப்பது எத்தனை ஏக்கர்? பார்லிமெண்ட் கேள்வி, மூன்று நாளில் பதில் வேண்டும்.

மண்டல் பாபுவுக்கு அட்டை கடித்த கால் புண்ணாகிப் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. அவர் தங்கையாவைக் கூப்பிட்டு, நீதான் அந்தக் கரையிலேயே இருக்கிறாய், போய் எண்ணிக்கொண்டு வா, மூன்றாம் நாள் நான் வண்டியில் வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதிவிடுகிறேன் என்றார். நல்ல மனிதர். தங்கையாவின் வீடும் அந்தக் கரையில்தான் என்று அவருக்குத் தெரியும். அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

தாளை வாசித்துக் காட்டியதும் தங்கையாவுக்குப் பழைய கணக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு தீவில் அளக்கப் போயிருந்தபோது இதே மாதிரி மூன்று வரிதான் வந்தது. எத்தனை குடும்பம், எந்த வருஷம், எத்தனை ஏக்கர். எழுதிக் கொடுத்த ஒரு மாதத்துக்குள் மரம் இழுக்கிற யானையைக் கொண்டுவந்து குடிசைகளை இழுத்துப் போட்டார்கள். அந்தக் குடிசைகளை எண்ணியபோது சங்கிலியின் ஒரு முனை தங்கையாவின் கையில்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் அவர் தின்னும்போதும் உட்காராமல் போனது.

எண்ணப் போனவர் எண்ணவில்லை. மழையில் வீடு வீடாக ஓடினார். லிஸ்ட் எடுக்கிறார்கள், பேர் ஏறினால் குடிசை போய்விடும், மூன்றாம் நாள் பட்வாரி வருகிறார், அதற்குள் எல்லாரும் இல்லாமல் போய்விடுங்கள் என்றார். எப்படி இல்லாமல் போவது என்று கேட்டவர்களுக்கு வழியும் சொன்னார். பானை சட்டியைக் கிளப்பிப் பத்திரம் வைத்திருக்கிற குடியேறிகள் வீட்டில் போடு. அடுப்பை இடி. குடிசைச் சுவரில் ஒரு பக்கத்தைப் பிரித்துவிட்டால் அது வயலுக்கு மான் வராமல் காவல் காக்கிற கொட்டகை. நெல்லைக் கேட்டால் குடியேறியுடைய நெல், நான் அறுக்க வந்தவன். உறவைக் கேட்டால் அவருக்குச் சொந்தக்காரன், விருந்துக்கு வந்திருக்கிறேன்.

பதினாறு வீடும் தலையை ஆட்டின. பதினெட்டாவது வீடு அமுதத்துடையது. கடலுக்குப் போன புருஷனைக் கடலுக்கே கொடுத்துவிட்டு, கருவாடு காயப்போட்டும் கால் ஏக்கர் கீரை போட்டும் இரண்டு பெண்களை வளர்த்தவள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. தங்கையா சொன்னதையெல்லாம் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"நான் எங்கயும் போவல, தம்பி. எழுதிக்கிடச் சொல்லு."

"அக்கா, யானையக் கொண்டாருவாங்க. நான் கண்ணால பார்த்தவன்."

"கொண்டாரட்டும். இல்லன்னு சொல்லிச் சொல்லி இருக்கதுக்கு, இருக்கேன்னு சொல்லிப் போயிருதேன். எம் மவளுக்கு மாப்பிள்ள கேட்டு வாறவங்கிட்ட நான் விருந்துக்கு வந்தவளுன்னா சொல்லுவேன்?"

தங்கையாவுக்குக் கோபம் வந்தது. ஒரு வீடு எழுதப்பட்டால் பக்கத்து வீட்டைப் பார்க்காமல் விடுவார்களா? அவள் வீட்டுக்குப் பக்கத்து வீடு அவருடையதுதானே. நீ மட்டும் சாகாமல் எங்களையும் சேர்த்துக் கொல்லப் பார்க்கிறாய் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க அந்தச் சொல் அவரையே அரித்தது. மிச்ச வீடுகளுக்கும் ஓட வேண்டியிருந்ததால் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்க நேரமில்லை. சொந்த அடுப்பையும் இடிக்க வேண்டியிருந்தது.

புஷ்பம் அடுப்பின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள். "யே கியா, என்ன இது? நான் போட்ட அடுப்பு. நீங்களா போட்டீங்க, ஒடைக்கிறதுக்கு?" என்றாள். பிறகு அவளே உலக்கையை எடுத்து இடித்தாள். பாக்குச் சரிவில் போய் மரம் மரமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் நாள் மண்டல் பாபு மாட்டுவண்டியில் காலை நீட்டிக்கொண்டு வந்தார். நாலாவுக்கு எதிர்க்கரையில் பத்திரமுள்ள குடியேறி இராமகிருஷ்ணன் வீட்டு முற்றத்தில் திருவிழாக் கூட்டம். பாலக்காட்டுப் பக்கத்து மலையாளி, சாதுவான ஆள். பாபு ஒவ்வொருவரையும் யாரென்று கேட்டார். ஒரு தெலுங்குக்காரர் தான் மச்சான் என்றார். ஆத்தூர்ச் சண்முகம் தான் சம்பந்தி என்றார். இராமகிருஷ்ணனின் மூத்த பிள்ளைக்கு அப்போது ஏழு வயது. ஒரு ராஞ்சிக் கிழவர் பெரியப்பா என்றார். பதினொரு குடும்பம் அந்த ஒரு மனிதனுக்கு ஒரே நாளில் உறவாகியிருந்தது. இராமகிருஷ்ணன் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டார். பாபு அவரை ஏற இறங்கப் பார்த்து, உங்களுக்கு மொத்தம் எத்தனை சம்சாரம் என்று கேட்டார். கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பாபு சிரிக்கவில்லை. தங்கையாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்தார்.

நாலு குடும்பம் எழுதப்பட்டது. அமுதம் ஒன்று. மற்ற மூன்றும் ராஞ்சிக்காரர்கள். காட்டுக்குள் மரம் வெட்டுகிற கேம்ப்புக்குப் போயிருந்ததால் அவர்களிடம் ஓடிப்போய்ச் சொல்ல ஆளில்லை. அடுப்பும் பானையும் இருந்தபடி இருந்தன. பதினேழாவது வீடு காவல் கொட்டகை ஆனது.

அப்புறம் இரண்டு மாதம் தங்கையா யானையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். அமுதத்தின் வீட்டுப் பக்கம் பார்க்கவே பயம். மழை நின்று, நெல் அறுத்து, பொங்கலும் போயிற்று. யானை வரவில்லை. எம்.பி. வந்தார்.

ஏரியல் பே துறையில் கப்பலிலிருந்து இறங்கி ஜீப்பில் திக்லிபூர் வந்தார். பள்ளிக்கூடக் கொட்டகையில் கூட்டம். அவர் பையிலிருந்து அச்சடித்த தாளை எடுத்து, உங்களுக்காக நான் கேட்ட கேள்வியும் சர்க்கார் சொன்ன பதிலும் இதோ என்று இந்தியில் வாசித்தார். முதல் இரண்டு பிரிவும் தங்கையா அறிந்ததுதான். மூன்றாவதை அவர் அன்றைக்குத்தான் கேட்டார். அந்தக் குடும்பங்களுக்கு அவர்கள் இருக்கும் நிலத்தையே சொந்தமாக எழுதிக் கொடுக்கச் சர்க்காருக்கு எண்ணம் உண்டா? நாலாவது: உண்டென்றால் எப்போது, இல்லையென்றால் ஏன் இல்லை?

பிறகு பதிலை வாசித்தார். குடும்பங்கள் நாலு. நிலம் மூன்றரை ஏக்கர். எண்ணிக்கை மிகக் குறைவு. ஆகவே அந்த நாலு பேருக்கும் எழுதிக் கொடுக்க ஏற்பாடு செய்யப்படும். பொதுவான திட்டம் எதுவும் தேவையில்லை. கடைசிப் பிரிவுக்குப் பதில், இக்கேள்வி எழவில்லை என்பதுதான்.

எம்.பி. தாளை மடித்து, நான் நாலு நூறு இருக்கும் என்று நினைத்தேன், நாலுதான் என்கிறார்கள், நல்லதுதான் என்றார். அவர் குரலில் சந்தோஷம் இல்லை; தப்பான விவரத்தை நம்பிக் கேட்டுவிட்டோமோ என்ற வெட்கம் இருந்தது.

பின்வரிசையில் அமுதம் எழுந்து, கொண்டையை முடிந்துகொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். முப்பத்தாறு குடும்பமும் தலையைத் திருப்பித் தங்கையாவைப் பார்த்தன. சண்முகம் பக்கத்தில்தான் இருந்தார்.

"என்னவே தங்கையா, யானை எங்கவே?" என்று மெள்ளக் கேட்டார்.

தங்கையா நின்றுகொண்டுதான் இருந்தார். மேடைக்கு நடந்தார். அந்தக் கணக்கு பொய், சாகிப், நாலில்லை, நாற்பத்தொன்று, மறைக்கச் சொன்னது நான்தான் என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார். மண்டல் பாபு முன்வரிசையில் இருந்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

எம்.பி. அவரைத் தனியே அழைத்துப் போய்க் கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சர்க்கார் சொன்ன பதில் தவறு என்று நான் சும்மா எழுத முடியாது, ஆதாரம் வேண்டும் என்றார். பெயர், தகப்பன் பெயர், வருஷம், ஏக்கர், கையெழுத்து. அதை வைத்து அடுத்த கூட்டத்தில் திரும்பக் கேட்கிறேன். ஆனால் ஒன்று, என்றும் சொன்னார். கையெழுத்துப் போட்டவனைச் சர்க்கார் தெரிந்துகொள்ளும். கொடுக்கவும் தெரிந்துகொள்ளலாம், பிடுங்கவும் தெரிந்துகொள்ளலாம். எது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. நீ சர்க்கார் மஸ்தூர் வேறு.

தாள் மேசைமேல் வைக்கப்பட்டது. யாரும் நெருங்கவில்லை. ஒருமுறை ஒளிந்தவர்களுக்கு உடனே வெளியே வரக் கூச்சம். பொய் சொன்னதற்கு வழக்குப் போடுவார்களோ என்று ஒரு புதுப் பயமும். தங்கையா புஷ்பத்தைப் பார்த்தார்.

"வேலை போயிரும்," என்றார்.

"அடுப்புப் போச்சு, மானம் போச்சு. வேலையும் போகட்டும்," என்றாள் புஷ்பம். "எழுதுங்க. பாக்கையும் சேத்து எழுதுங்க. நீங்க பாட்டுக்கு நெல்ல மட்டும் எழுதிட்டு வந்துராதீங்க."

அவர் எழுதினார். தங்கையா, தகப்பனார் சுடலைமுத்து, அறுபத்தொன்றாம் வருஷம் முதல், இரண்டு ஏக்கர், பாக்கு மரம் உள்பட. பிறகு சண்முகம் வந்தார். அன்று மொத்தம் ஒன்பது பேர்தான் போட்டார்கள்.

அந்த மாதமே தங்கையாவை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மண்டல் பாபுவுக்கு மேலிருந்து விளக்கம் கேட்டுத் தாள் வந்தது. பிறகு மாற்றலும் வந்தது. போகும்போது அவர் தங்கையாவிடம், எனக்கு அன்றைக்கே தெரியும், உன் வீட்டுக்காகத்தான் பேசாமல் எழுதினேன் என்றார். அந்த ஒரு பேச்சைத்தான் தங்கையாவால் கடைசிவரை செரிக்க முடியவில்லை. வேலை போனதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. மண்டல் பாபுவைப் பற்றிப் பேசாத நாளும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் எம்.பி. சொன்னபடியே கேட்டார். பதில் ஒரே வரியில் வந்தது: தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் மேசைமேல் வைக்கப்படும். தங்கையா அதைக் கேட்டுவிட்டு, எந்த மேசை என்று விசாரிக்கக் கப்பலேறிப் போர்ட் பிளேருக்கே போனார். டெய்ரி ஃபார்மில் சரசு வீட்டில் தங்கி, பன்னிரண்டு நாள் ஆபீஸ் ஆபீஸாக நடந்தார். மேசை தில்லியில் இருக்கிறது என்றார்கள். சரி, தகவலைத் திரட்டுகிற ஆள் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். அதற்கு அடுத்த ஆபீசைக் காட்டினார்கள். தன் வீட்டு வாசலில் அவர் நடந்த நடையில் புல் செத்துப்போயிற்று என்று சரசு புஷ்பத்துக்குச் சொல்லி அனுப்பினாள்.

அதற்குள் அமுதத்துக்குக் கால் ஏக்கரும் வீட்டு மனையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசி வந்தபோது அவள் தங்கையாவையும் புஷ்பத்தையும் பந்தியில் முதலில் உட்காரவைத்தாள். அவர் உட்கார்ந்தார். அன்றைக்கு மட்டும் எழுந்திருக்காமல் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, அக்கா, அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன் என்று தொடங்கினார். மீனில் உப்புக் குறைந்திருக்கிறதா என்று கேட்டு அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

எழுபத்திரண்டில், மழைக்கு முன்னால், தகவல் திரட்டுகிற ஆள் கடைசியில் வந்தார். போர்ட் பிளேரிலிருந்து வந்த ஓர் அதிகாரி. இளம் வயது, வெள்ளைச் சட்டை. நாலாக் கரையில் பலாமரத்தடியில் மேசை போட்டார்கள். எம்.பி. கொடுத்த ஒன்பது கையெழுத்தும் அவர் கோப்பில் இருந்தன. அதனால் முதலில் கூப்பிட்ட பெயர் தங்கையா. இது உங்கள் நிலமா என்று கேட்டார். என்னுடையதுதான் என்றார் தங்கையா. அதிகாரி எழுதிக்கொண்டார். கொடுப்பதற்கா, எடுப்பதற்கா என்று அவரும் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. அந்தக் கரைக்குப் பத்திரம் வர அதற்கு மேலும் நாலு மழை ஆயிற்று. தங்கையாவுக்கு வந்ததில் பாக்குச் சரிவு பாதிதான் இருந்தது. ஆனால் அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு மத்தியானம் அதிகாரி பேனாவை மூடப் போனார். எத்தனை ஆயிற்று என்று தங்கையா எட்டிப் பார்த்தார். முப்பத்தைந்து. இரண்டு குறைந்தது. சாகிப், அரை மணி நேரம் என்று சொல்லிவிட்டு ஓடினார். ஐம்பதை நெருங்குகிற வயது, மூட்டில் வலி.

மேல்கோடியில் தெலுங்குக்காரர் வீடு. தங்கையா சொன்னதும் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்கும் அப்பால் ருக்குவின் வீடு. இராமகிருஷ்ணன் முற்றத்தில் அன்றைக்குச் சின்னம்மா மகள் என்று சொல்லிக்கொண்டு நின்றவள். கதவைப் பாதி திறந்துகொண்டு, அடுப்பில் உலை கொதிக்க நின்றாள்.

"அன்னைக்கு ஒளியச் சொன்னீங்க, ஒளிஞ்சோம். இன்னைக்கு வரச் சொல்றீங்க. நாங்க எதண்ணே நம்புறது?"

தங்கையாவுக்கு மூச்சு வாங்கியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னைய நம்பாத தாயி. எனக்கு ஒண்ணும் தெரியாது. எம் பேர மொதல்ல எழுதியாச்சு, அது மட்டுந்தான் தெரியும். இடிச்சா மொதல்ல என் வீடுதான்."

ருக்கு உலையை இறக்கி வைத்து, விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். புகை கண்ணில் பட, முந்தானையால் துடைத்துக்கொண்டே இறங்கி நடந்தாள். தங்கையா அவளுக்கு முன்னால் ஓடினார். மேசையை எடுத்துவிடப் போகிறார்களே என்று அவருக்குப் பயம்.